காவிரிப் படுகை நெல்லுக்கு எவ்வளவு உரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் நெல் செய்கிறேன். ஊரில் யாருக்கு மண்வள அட்டை (மண்ணைச் சோதித்து, சத்து நிலையை எழ்தி அரசு தருவது) வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். அதை நான் படித்துச் சொல்ல வேண்டும், பிறகு கேள்விகள் தொடங்கும். பத்து வருடமாக அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். கணக்கெல்லாம் டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடி சாகுபடிக்கு. வேறு பகுதிக்காரர்கள் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை அப்படியே எடுக்க வேண்டாம்.

150:50:50 என்று எழுதியிருக்கிறதே, 150 கிலோ யூரியா போட வேண்டுமா?

இல்லை. இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள் என்பதால் முதலில் வைத்தேன். அந்த மூன்று எண்களும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. உர மூட்டையின் எடை அல்ல, அதற்குள் இருக்கும் சத்தின் எடை. அதுவும் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு. ஆகவே ஏக்கருக்கு 60:20:20.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. டிஏபி என்கிற டை அம்மோனியம் பாஸ்பேட்டில் 18 பங்கு தழைச்சத்து, 46 பங்கு மணிச்சத்து. பொட்டாஷில் 60 பங்கு சாம்பல்சத்து. 20 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி சுமார் 43 கிலோ வேண்டும். அதிலேயே தழைச்சத்து 8 கிலோ போல வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. பொட்டாஷ் 33 கிலோ. மா கணக்கில் பேசுகிறவர்கள் இதை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்ததையும் மறக்க வேண்டாம். இன்னும் பலர் மனதில் மூட்டை என்றால் 50 கிலோதான்.

இந்த எண்ணை யார் சொன்னது? எங்கள் அப்பா காலத்திலும் இதே கதைதானே?

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை இது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு உரம் பெரிய அளவில் வந்தது 1960-களில், தீவிர வேளாண்மைத் திட்டத்தோடும் ஆடுதுறை 27 ரகத்தோடும். பல இடங்களில் சோதனை நடத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொருந்துகிற ஓர் அளவைச் சொல்வதுதான் பொதுப் பரிந்துரை. அன்றைக்கு அது பெரிய உதவி. ஆனால் சராசரி என்பது எந்த ஒரு வயலின் எண்ணும் அல்ல. களத்தூர் வகைக் கரிசல் களியும் மதுக்கூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் ஒரே சத்தையா தரும்?

பரிந்துரைக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. வெள்ளைப் பொன்னி போன்ற, யூரியாவைத் தாங்காத ரகங்களுக்குத் தழைச்சத்து ஹெக்டேருக்கு 75 கிலோதான். வீரிய ஒட்டு நெல்லுக்கு 175:60:60. வெள்ளைப் பொன்னிக்கு 150 போட்டுவிட்டு, கதிர் சாய்ந்ததற்குக் காற்றைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் அட்டையிலும் தம்பி அட்டையிலும் ஒரே எண்கள். மண்ணை எடுத்தார்களா, எழுதினார்களா?

எடுத்திருப்பார்கள், ஆனால் உங்கள் வயலில் எடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது விதி. அந்தக் கட்டத்துக்குள் ஆறேழு பேர் நிலம் இருந்தால் எல்லோருக்கும் அதே எண்கள்தான். அதை ஊரின் பொதுவான நிலை என்று படியுங்கள்.

உங்கள் வயலுக்கு வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். சம்பா அறுவடைக்குப் பிறகு, மண் காய்ந்திருக்கும் கோடையில் எடுப்பது நல்லது. வரப்போரம், எருக் குவித்த இடம், மரநிழல் வேண்டாம். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிர் எதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். உரச்சாக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்து, சாம்பல்சத்து எகிறிப்போன அறிக்கையோடு திரும்பி வந்தார்.

தழைச்சத்து 'குறைவு' என்று வந்திருக்கிறது. யூரியாவைக் கூட்டத்தானே வேண்டும்?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு'. நம் ஊர் மண்ணில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நான் படித்த அட்டைகளில் 'அதிகம்' என்று வந்ததை விரல்விட்டு எண்ணலாம். எல்லோருக்கும் ஒரே விடை வருகிற பரிசோதனையால் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது?

காரணம் இருக்கிறது. காய்ந்த மண்ணை ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். நெல்லோ நாலு மாதம் சேற்றில் நிற்கிறது. சேற்றுக்குள் மட்கு எவ்வளவு வேகமாகச் சிதைந்து தழைச்சத்தை விடுவிக்கும் என்பதை அந்தச் சோதனையால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், கார அமில நிலை, உப்பு ஆகியவற்றுக்கு அட்டையை நம்பலாம். தழைச்சத்துக்கு மட்டும் வயலையே கேட்க வேண்டும்.

வயலை எப்படிக் கேட்பது? அது வாய் திறந்து சொல்லுமா?

சொல்லும், ஒரு மூலையை மட்டும் பட்டினி போட்டால். 1990-களின் பிற்பகுதியில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆசியாவின் ஆறு நாடுகளும் சேர்ந்து விவசாயிகளின் வயல்களில் நடத்திய ஆய்வில் ஆடுதுறையும் தஞ்சாவூரும் இருந்தன. ஒரு சத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் குறையில்லாமல் கொடுத்து, மண் தானாக எவ்வளவு தருகிறது என்று விளைச்சலைக் கொண்டே அளந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு இடையிலேயே பெரிய வேறுபாடு இருப்பது அப்போதுதான் கண்கூடாகத் தெரிந்தது. இடத்துக்கேற்ற ஊட்டச்சத்து மேலாண்மை என்று இன்று பேசப்படுவது அதிலிருந்து வந்ததுதான்.

நீங்களும் செய்யலாம். வயலுக்குள் 6 மீட்டருக்கு 5 மீட்டர் இடத்தைச் சுற்றி நல்ல வரப்பாகப் போடுங்கள். பக்கத்துத் தண்ணீர் உள்ளே கசிந்தால் யூரியாவும் கூடவே வந்துவிடும். அந்த இடத்துக்கு யூரியா, டிஏபி இரண்டும் வேண்டாம். மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட்டும், வழக்கமான பொட்டாஷும் கொடுங்கள். அறுவடையில் ஓரத்தை விட்டு, நடுவில் 20 சதுர மீட்டர் அறுத்து எடைபோடுங்கள். அதை 200 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஏக்கர் கணக்கு. உரம் போட்ட பகுதியிலும் அதே அளவு அறுத்து எடைபோடுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பட்டினி மூலையில் 8 கிலோ, மற்றதில் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,600 கிலோ மண் கொடுத்தது. மேலே வந்த 800 கிலோதான் நீங்கள் போட்ட 60 கிலோ தழைச்சத்தின் வேலை. கிலோவுக்கு 13 கிலோ நெல். நேரம் பார்த்துப் போட்டால் கிலோவுக்கு 20 கிலோ நெல் எட்டக்கூடிய அளவே. அப்படியானால் 800 கிலோவுக்கு 40 கிலோ தழைச்சத்து போதும். மீதி 20 கிலோ, அதாவது ஒரு மூட்டை யூரியா, காற்றிலும் வடிகாலிலும் போயிருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அடுத்த பட்டத்தில் என்னிடம் அட்டையைக் கொண்டு வருவதில்லை, எடையைக் கொண்டு வருகிறார்கள்.

பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது, என்னுடையது வெளிறிக் கிடக்கிறதே. இன்னும் ஒரு மூட்டை தட்டிவிடட்டுமா?

பக்கத்து வயலைப் பார்த்துப் போடுவதுதான் நம் ஊரில் எழுதப்படாத பரிந்துரை. கரும்பச்சைக்கு விலை கிடையாது, நெல்லுக்குத்தான் விலை. அளவுக்கு மீறிய பச்சை இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் குலைநோய்க்கும் போட்ட விருந்து. அந்த வயல்காரரின் மருந்துச் செலவையும் சேர்த்து விசாரியுங்கள்.

கண்ணுக்குப் பதில் இலைவண்ண அட்டையை, அதாவது வெளிர்பச்சை முதல் கரும்பச்சைவரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டையை, வைத்துக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே ஆள் பார்க்க வேண்டும். நோயில்லாத பயிரில், முழுவதும் விரிந்த மேல் இலையை அட்டையின் மேல் வைத்து, வெயில் படாமல் உங்கள் நிழலில் ஒப்பிடுங்கள். பத்து இடங்களில் ஆறில் நிறம் 4-க்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னி வகைக்கு எல்லை 3. ஒரு தடவைக்குக் குறுவையில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பாவில் 30 கிலோ. ஏக்கருக்கு யூரியாவாகச் சொன்னால் முறையே 30 கிலோ, 26 கிலோ. எல்லைக்கு மேலே இருந்தால் மூட்டையை அவிழ்க்க வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்.

நட்ட எத்தனையாவது நாளில் மேலுரம்? எல்லோரும் ஒவ்வொரு நாள் சொல்கிறார்கள்.

தழைச்சத்தை நான்காகப் பிரித்து, நடவுக்கு முன் அடியுரம், பிறகு மேலுரமாகத் தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று கொடுப்பது பொதுப் பரிந்துரை. முதல் கேள்வியின் கணக்குப்படி அடியில் டிஏபியோடு 15 கிலோ யூரியா, பிறகு மூன்று தடவை 33 கிலோ. நாள் எண்ணிக்கையில்தான் குழப்பம். 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் சி.ஆர். 1009-க்கும் 'நட்ட 40-ஆம் நாள்' என்று ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். கதிர் உருவாவது அறுவடைக்கு 60 முதல் 65 நாட்களுக்கு முன். 110 நாள் ரகத்தில் அது விதைத்த 45 முதல் 50 நாளுக்குள் வந்துவிடும். நாற்றங்கால் நாளைக் கழித்தால் நட்டு மூன்று, நான்கு வாரம்தான். சி.ஆர். 1009-க்கு நட்டு இரண்டு மாதம் ஆகும். சந்தேகமாக இருந்தால் தாய்த்தண்டு ஒன்றைப் பிடுங்கிக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்கு மேலே வெள்ளைப் பஞ்சு போல ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் முனை தெரிந்தால் அதுதான் நேரம். குறுவையில் இந்த நேரத்தைத் தவறவிடுகிறவர்களே அதிகம்.

தண்ணீர் முட்டி அளவு நிற்கும்போது யூரியா வீசலாமா?

கூடாது. வடித்து, சேறு தெரிகிற அளவுக்கு வைத்து, மாலையில் வீசி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். நின்ற நீரில் பாசி பகல் வெயிலில் வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மை ஏறும். அந்த நேரத்தில் யூரியா அம்மோனியாவாக மாறிக் காற்றில் போகும். முறை வந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, வடிக்க மனம் வரவில்லை என்றால் உரத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

டிஏபியை மேலுரமாகப் போட்டால் பயிர் உடனே கிளம்புகிறதே, அது தப்பா?

கிளம்புவது அதிலிருக்கும் 18 பங்கு தழைச்சத்தால். அதை மலிவான யூரியாவிலேயே வாங்கலாம். மணிச்சத்து முழுவதும் அடியுரமாகப் போவதுதான் முறை. வேர் பிடித்துத் தூர் வெடிக்கும் காலத்தில்தான் அது தேவை. வருடக்கணக்கில் டிஏபி கொட்டிய களிமண்ணில் மணிச்சத்து தேங்கியிருக்கும். சேறானபின் அதில் ஒரு பகுதி தானாகக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். அட்டையில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று இருந்தால் குறைத்துப் போடலாம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், பின்னால் உளுந்தும் பயறும் அதே நிலத்தில்தான் வரப்போகின்றன.

அட்டையில் சாம்பல்சத்து 'அதிகம்'. பொட்டாஷை விட்டுவிடலாமா?

பதிலுக்குப் பதில் ஒரு கேள்வி: வைக்கோலை என்ன செய்கிறீர்கள்? ஒரு டன் நெல் விளைய பயிர் எடுக்கும் சாம்பல்சத்து ஏறக்குறைய 17 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 எடுத்தால் 2.4 டன்; எடுத்தது 40 கிலோவுக்கு மேல். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. முன்பு அந்த வைக்கோலை நம் மாடே தின்று, சாணமாக வயலுக்கே வந்தது. இன்று இயந்திரம் கட்டுக் கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றுகிறது. நாம் போடுவதோ 20 கிலோ. பாசன நீர் கொஞ்சம் கொண்டுவரும், மீதியை மண் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறது.

ஆகவே வைக்கோலை வயலிலேயே மடக்குகிறவர், அட்டையும் 'அதிகம்' என்றால், பாதியாகக் குறைக்கலாம். வைக்கோலை விற்கிறவர் விடக் கூடாது. விற்ற காசில் ஒரு பங்கு பொட்டாஷுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணற்பாங்கான புது டெல்டா நிலங்களில் அட்டை என்ன சொன்னாலும், பிரித்துப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

நட்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துரு ஏறியது போல் புள்ளி. யூரியா போட்டும் தெளியவில்லை.

பெரும்பாலும் துத்தநாகக் குறை. யூரியா போட்டுத் தெளியாத வெளிறலுக்கு மேலும் யூரியா போடுவது காசைச் சேற்றில் மிதிப்பது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவியிருக்க வேண்டும், டிஏபியோடு கலக்காமல். இப்போது குறை தெரிந்துவிட்டதால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா என்று கரைத்து இலையில் தெளியுங்கள். நீர் வடியாத பள்ள நிலத்திலும் களர் நிலத்திலும் இது அடிக்கடி வரும்.

பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதேன். யூரியாவில் எவ்வளவு கழிக்கலாம்?

பூப்பதற்கு முன் மடக்கி, ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை சேர்ந்திருந்தால் தழைச்சத்து 12 கிலோ போலக் கழிக்கலாம், யூரியாவாக 26 கிலோ. அடியுர யூரியாவையும் முதல் மேலுரத்தின் ஒரு பகுதியையும் கழித்துவிட்டு, பிறகு இலைவண்ண அட்டை சொல்வதைக் கேளுங்கள்.

நானோ யூரியா ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமமாமே?

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். 2021-இல் வந்த 500 மில்லி பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்கு மேல். பின்னர் 20 சதவீதமாக்கினார்கள். அப்போதும் 100 கிராம்தான். டன் கணக்கில் நெல் எடுக்கிற பயிருக்கு அந்தக் கிராம்கள் எங்கே போதும்? இலைவழித் தெளிப்பு அவசரத்துக்கு உதவும். அடியுரத்தையும் மேலுரத்தையும் அதை நம்பி நிறுத்த மாட்டேன்.

ஐப்பசி மழையில் பயிர் ஐந்து நாள் மூழ்கிவிட்டது. வடிந்தவுடன் என்ன போடலாம்?

வடிந்த அன்றே வேண்டாம். புதுக் குருத்து தலைகாட்டட்டும். பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். மழை மறுபடி வரும் என்று வானொலி சொன்னால் காத்திருங்கள்.

டிஏபி இல்லை, 20:20:0:13 காம்ப்ளக்ஸ் உரம்தான் இருக்கிறது என்கிறார்கள். கணக்கு மாறுமா?

மாறும். 20 கிலோ மணிச்சத்துக்கு அதில் 100 கிலோ வேண்டும். கூடவே 20 கிலோ தழைச்சத்தும் 13 கிலோ கந்தகமும் வரும். ஆகவே யூரியா 113 கிலோ அல்ல, 87 கிலோ. அடியுரத்துக்குத் தனியாக யூரியா வேண்டாம், அந்த 87 கிலோவை மூன்று மேலுரமாகப் பிரியுங்கள். காம்ப்ளக்ஸ் போட்டுவிட்டு யூரியாவையும் குறைக்காமல் போடுவதுதான் எங்கள் ஊரில் அதிகம் நடக்கும் விரயம். நேரடி விதைப்பு செய்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று: முளைத்து மூன்று வாரம்வரை பயிருக்கு யூரியா பெரிதாகத் தேவையில்லை, களைக்குத்தான் தேவை.

40 மூட்டை எடுக்கிறேன். 50 எடுக்க எவ்வளவு உரம் கூட்ட வேண்டும்?

பத்து மூட்டை என்றால் 600 கிலோ. பட்டினி மூலைக் கணக்குப்படி கிலோவுக்கு 20 கிலோ நெல் என்றால் 30 கிலோ தழைச்சத்து. ஆனால் அந்த உதாரணத்து விவசாயிக்கு ஏற்கெனவே 20 கிலோ வீணாகிறதே. அதை அடைத்தால் அவர் கூட்ட வேண்டியது 10 கிலோதான், யூரியாவில் அரை மூட்டைக்கும் குறைவு.

இது குறுவைக்கு. வெயில் கொட்டுகிற ஆனி, ஆடியில் பயிருக்கு 50 மூட்டைக்கான சக்தி உண்டு. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்குக் கீழே நிற்கும் பயிருக்கு வெளிச்சமே எல்லை. அங்கே உரத்தைக் கூட்டினால் வைக்கோல்தான் கூடும். ஆகவே சம்பாவில் 50-ஐ மறந்துவிட்டு, அதே 40-ஐ ஒரு மூட்டை யூரியா குறைத்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்த குறுவைக்குள் பட்டினி மூலையின் எடையும் கையில் இருந்தால் 50-ஐப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.